வானேறிய தூதும் ‘தேவை’ என்னும் சொல்லும்

தூது இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர்கள், தூது விடுதற்குரியன பத்து என்று பாட்டியல் நூலார் வகுத்ததை மாணவர் நெஞ்சில் பதியவைப்பது வழக்கம். அன்னம், மயில், கிளி, முகில், பூவை, பாங்கி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு என்பன அவை. இப்பத்தனுள் பாங்கியையும் நெஞ்சையும் நீக்கினால் எஞ்சிய எட்டும் வானில் இயங்குவன. மலையும் காடும் ஆறும் தடுப்பதால் மண்வழி செல்வோன் காலம் தாழ்ப்பான். வான்வழி செல்வதற்குத் தடையில்லை. இவ்வுண்மை நம் புலவர்க்குப் புதியதன்று.

ஆயினும் தூதுப் பாட்டில் ஓர் எளிமை உண்டு. தூது செல்வது ஒன்று, செய்தி ஒன்று, அதனைப் பெறுபவர் ஒருவர், அவர் வாழும் ஊரும் தெரிந்த ஊர். புறநானூற்றின் 67 ஆம் பாட்டில் பிசிராந்தையார் அன்னச்சேவலை விளித்துப் பேசுகிறார். அது செல்ல வேண்டிய இடம் உறையூர். காண வேண்டியவன் கோப்பெருஞ்சோழன். ஓர் அன்னம் போதுமா, ஒன்பது வேண்டுமா என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ண வேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. செய்திகள் பலவாகி, அனுப்புவோர் பலராகி, எவர் எப்பொழுது அனுப்புவார் என்பதே தெரியாத நிலை வரும்போதுதான் ‘எத்தனை அன்னம்?’ என்ற வினா பிறக்கிறது. அவ்வினாவுக்கு விடை காணும் கணக்கியல் ஒன்று இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வளர்ந்தது. அதன் மூலக் கட்டுரைகளுள் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் சொற்கள் தமிழில் எவ்வாறு நிற்கும், அதன் கருத்து நாம் வாழும் இக்கிள்ளான் பள்ளத்தாக்கில் எவ்வாறு நிற்கும் என்று ஆராய்வதே ஈண்டு நம் நோக்கம்.

அக்கட்டுரையை எழுதியவர்கள் ஆலன் பெர்கூசன், ஜார்ஜ் டான்சிக் என்னும் அமெரிக்கர் இருவர். 1956 ஆம் ஆண்டு ‘மேனேஜ்மென்ட் சயன்ஸ்’ என்னும் இதழில் அது வெளிவந்தது. டான்சிக் இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க வான்படையின் திட்டக் கணக்குகளில் உழைத்தவர். 1947 இல் நேரியல் திட்டக் கணக்குகளைத் தீர்க்கும் ‘சிம்ப்ளெக்ஸ்’ முறையைக் கண்டவர். கட்டுரையின் பொருள் சுருக்கமானது. நான்கு வகை வானூர்திகள் உள்ளன. ஐந்து தடங்கள் உள்ளன. ஒவ்வொரு தடத்திலும் எத்தனை பயணிகள் வருவர் என்பது உறுதியாகத் தெரியாது. இத்தனை பேர் வருவதற்கு இவ்வளவு வாய்ப்பு என்பது மட்டும் தெரியும். எந்த வகை வானூர்தியை எந்தத் தடத்தில் எத்தனை முறை விடுவது? பயணிகள் சராசரியாக இத்தனை பேர் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுவதைக் காட்டிலும், வரக்கூடிய எல்லா நிலைகளையும் அவற்றின் வாய்ப்புகளோடு சேர்த்துக் கணக்கிடுவதே சிறந்தது என்று ஆசிரியர்கள் காட்டினர்.

பயணியரை நீக்கிச் செய்தியை வைத்தால், இருக்கையை நீக்கி வானொலி வழியை வைத்தால், இதுவே போர்க்கள வான்தொடர்பின் கணக்காகிவிடும். பிற்காலத்தில் வானூர்திவழிச் செய்தி வலையங்களைத் திட்டமிட்டவர்கள் பலரும் இவ்வழியில் நடந்தவர்களே. முதலில் உறுதி தெரியாத நிலையில் ஒரு முடிவு. பின்னர் உண்மை தெரிந்தபின் அதனைச் சரிக்கட்ட மற்றொரு முடிவு. இரண்டையும் சேர்த்தே விலை பார்ப்பது. இதுவே அதன் உயிர்நிலை.

சராசரி ஏன் நம்மை ஏமாற்றும் என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். இது கற்பனைக் கணக்கு. நாளைக்கு எத்தனை வான்பறப்புகளை ஆயத்தமாக வைப்பது என்று ஒருவர் இன்றே முடிவு செய்ய வேண்டும். பாதி நாட்களில் 1 வேண்டுகோள்தான் வருகிறது. பாதி நாட்களில் 5 வருகின்றன. சராசரி 3. ஆனால் 3 வேண்டுகோள் வரும் நாள் ஒன்றுகூட இல்லை! மூன்றே வைத்தால், பாதி நாட்களில் 2 வீணாகும். பாதி நாட்களில் 2 பேரை இல்லையென்று திருப்ப வேண்டும். வீணாகும் பறப்பின் இழப்பு 1 என்றும், மறுக்கப்பட்ட வேண்டுகோளின் இழப்பு 3 என்றும் கொண்டால், மூன்று பறப்புகளை வைத்தவருக்கு நாளொன்றுக்குச் சராசரி இழப்பு 4; ஐந்தை வைத்தவருக்கு 2; ஒன்றை வைத்தவருக்கு 6. எனவே ஐந்தே சிறந்தது. வீணும் மறுப்பும் ஒரே இழப்பு என்று கொண்டால் 1 முதல் 5 வரை எதை வைத்தாலும் இழப்பு 2 தான். மறுப்பின் இழப்பு வீணின் இழப்பைவிடக் குறைவு என்று கொண்டாலோ ஒன்றே சிறந்ததாகிவிடும். சராசரியான 3 எந்நிலையிலும் தனிச்சிறப்புப் பெறவில்லை என்பதைக் காண்க.

டென்மார்க்கில் ஏர்லாங் என்னும் அறிஞர் 1917 இல் தொலைபேசிக்கு வகுத்த கணக்கும் இத்தகையதே. ஒரு நேரத்தில் சராசரியாக இரண்டு பேச்சு நிகழும் அளவுக்கு அழைப்புகள் ஒழுங்கின்றி வருகின்றன எனக் கொள்வோம். இரண்டு பேச்சுக்கு இரண்டு வழி போதும் என்று எளியோர் எண்ணுவர். ஏர்லாங்கின் கணக்குப்படி 100 அழைப்புகளில் 40 திரும்பிப் போகும். ஐந்து வழி அமைத்தால்தான் அது 4 க்கும் கீழே இறங்கும்.

இங்கே சொல்லாராய்ச்சிக்கு வருவோம். இத்துறையில் வரும் ‘கெப்பாசிட்டி’ என்பதைத் தமிழில் ‘கொள்ளளவு’ என்று பலரும் எழுதுகின்றனர். ஏரிக்கும் குடத்துக்கும் அச்சொல் பொருந்தும். செய்தி செல்லும் வழிக்கு அது பொருந்தாது. ஏரியில் இன்று நிரம்பாத இடம் நாளைக்கும் இருக்கும். நேற்றுச் சேர்ந்த நீர் இன்றைக்குப் பயன்படும். வானில் நேற்று ஒரு மணி நேரம் எவரும் பேசாமல் கழிந்த வழியை இன்று எடுத்துப் பயன்படுத்த முடியுமா? முடியாது. அது வாய்க்காலைப் போன்றது. ஓடும்போதுதான் அதற்குப் பயன். ஆதலின் ‘கடத்துதிறன்’ என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. ‘கொள்ளளவு’ என்று படித்த மாணவன் மிச்சம் பிடித்துச் சேர்த்துவைக்கலாம் என்று எண்ணிவிடுவான். அப்பிழை சொல்லிலேயே இருக்கிறது.

‘உறுதியின்மை’ என்பது பற்றியும் ஒரு சொல். பொருளியலறிஞர் பிராங்க் நைட் 1921 இல் எழுதிய நூலில் ஒரு வேறுபாடு காட்டினார். சூதாட்டக் காயை உருட்டும்போது எந்த எண் விழும் என்று தெரியாது. ஆனால் ஆறில் ஒரு பங்கு வாய்ப்பு என்பது தெரியும். நாளை போர் மூளுமா என்பதில் அந்த வாய்ப்பும் தெரியாது. முன்னதை இடர் என்றும் பின்னதையே உறுதியின்மை என்றும் அவர் பிரித்தார். பெர்கூசனும் டான்சிக்கும் தங்கள் தலைப்பில் உறுதியின்மையைக் கூறினாலும், உள்ளே பேசுவது காயுருட்டும் வகையையே. வாய்ப்பு அட்டவணை அவர்கள் கையில் இருக்கிறது. இது அவர்கள் மேல் குற்றமன்று, கட்டுரையின் எல்லை. எல்லையைக் கூறாமல் முடிவை மட்டும் எடுத்துச் செல்வோர்தாம் குற்றவாளிகள்.

திருக்குறளில் எல்லாம் உண்டு என்று கூறி ‘வலியறிதல்’ அதிகாரத்தை இங்கே கொண்டுவந்து நிறுத்துவோர் இருப்பர். வருவாய் சிறிதாயினும் செலவு அதனை மிஞ்சாதிருந்தால் கேடில்லை என்ற கருத்து அங்கே இருப்பது உண்மையே. ஆனால் வரவும் செலவும் அளந்தறியப்பட்ட நிலைக்கே அது கூறப்பட்டது. ‘தூது’ என்னும் 69 ஆம் அதிகாரமோ தூதுவனின் பண்பைப் பேசுகிறது. தூதுவரின் தொகையைப் பேசவில்லை. வள்ளுவர் கூறாததை அவர் வாயில் திணிப்பது அவருக்குப் பெருமை சேர்ப்பதாகாது.

இனி நம் ஊருக்கு வருவோம். 1948 ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலை 31 இல் முடிந்தது. இப்பன்னிரண்டு ஆண்டுகளிலும் காட்டுக்குள் சென்ற படையணிகளுக்குச் செய்தித் தொடர்பே பெருந்துன்பமாயிருந்தது. ஈரம் ஊறிய இலைக்கூரை உயர் அதிர்வெண் அலைகளை விழுங்கிவிடும். மலைச்சரிவு நேர்வழியை மறைக்கும். தரையில் இரண்டு மீட்டர் உயரத்தில் நிற்பவனுக்குச் சமவெளியிலும் அடிவானம் 5 கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது. 1,000 மீட்டர் உயரத்தில் பறப்பவனுக்கோ அது ஏறத்தாழ 113 கிலோமீட்டர். கோலாலம்பூருக்கு மேல் அவ்வுயரத்தில் வட்டமிடும் வானூர்திக்கு 30 கிலோமீட்டர் அளவில் உள்ள கிள்ளான் கைக்கெட்டிய தொலைவே. ஆகவே 656 ஆம் படைப்பிரிவின் சிறிய ஆஸ்டர் வானூர்திகள் காட்டின் மேல் பறந்து, கீழேயுள்ள அணியோடு வானொலியில் பேசி, இடமும் வழியும் காட்டின.

இதைக்காட்டிலும் தூது என்ற பெயருக்கு நேரே பொருந்துவது ‘குரல் வானூர்தி’. டக்கோட்டா வகை வானூர்தியின் அடியில் ஒலிபெருக்கிகளைப் பொருத்தி, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளைச் சரணடையுமாறு அழைத்தனர். 1952 இல் தொடங்கிய இம்முயற்சி, பின்னர் கோலாலம்பூர் வான்படைத் தளத்திலிருந்த 267 ஆம் பிரிவின் பணியாயிற்று; 1958 இல் அப்பிரிவு 209 என்று எண் மாறியது. விரைந்து செல்லும் வானூர்தி இதற்கு உதவவில்லை. மெல்லப் பறப்பதும் இரைச்சல் குறைந்ததுமே வேண்டப்பட்டது. காட்டிலிருப்போர் சிலரைப் பெயர் சொல்லியே அழைத்ததும் உண்டு. இதனோடு துண்டறிக்கைகளும் சீனத்திலும் மலாயிலும் தமிழிலும் அச்சிடப்பட்டுக் கோடிக்கணக்கில் வீசப்பட்டன. 1955 செப்டம்பர் 9 இல் பொதுமன்னிப்பு அறிவிக்கப்பட்டபோதும், விடுதலைக்குப்பின் 1957 செப்டம்பரில் துங்கு மீண்டும் மன்னிப்பு வழங்கியபோதும் இத்தூதுகளே காட்டுக்குள் சென்றன. பிசிராந்தையாரின் அன்னத்துக்கு உறையூர் தெரியும். இந்த அன்னத்துக்கோ கேட்பவன் எந்த மலையில் இருக்கிறான், இருக்கிறானா இல்லையா என்பதும் தெரியாது.

கடத்துதிறனைப் பொறுத்தவரை, இங்கே பல தடைகள் ஒன்று சேர்ந்தன. வானூர்திகள் சில. பிற்பகலில் மலைமேல் முகில் திரண்டு மழை கொட்டுமாதலின் காலைப்பொழுதே நம்பத்தக்கது. ஒருவன் சரணடைந்தால், அவனோடிருந்தவர்கள் இடம் பெயருமுன் அவர்களை அழைத்தாக வேண்டும். அந்த வேண்டுகோள் எந்த நாளில் வரும் என்பது எவர்க்கும் தெரியாது. ஒரு நாளில் ஒன்றும் இராது. மறுநாள் பல திசைகளிலிருந்தும் வரும். நாம் மேலே போட்ட கற்பனைக் கணக்கின் உண்மை வடிவமே இது.

இங்கேதான் பெர்கூசன்–டான்சிக் கட்டுரையின் மேல் நம் முதல் மறுப்பு எழுகிறது. அவர்கள் கணக்கில், இடமின்றித் திருப்பி அனுப்பப்பட்ட பயணிக்கு ஒரு விலை உண்டு. அவன் கொடுத்திருக்கக்கூடிய கட்டணமே அவ்விலை. வணிக வானூர்திக்கு அது சரி. காட்டில் காயமுற்றுக் கிடப்பவனுக்காக உதவி கேட்டு அழைத்த அணிக்கு ‘வழியில்லை’ என்றால், அம்மறுப்பின் விலை என்ன? எந்தக் கட்டணச் சீட்டிலும் அது அச்சிடப்படவில்லை. ஆயினும் விடை முழுவதும் அந்த ஒரு விலையில்தான் தங்கியிருக்கிறது என்று முன்பே கண்டோம். மறுப்பின் இழப்பை 3 என்று வைத்தால் ஐந்து பறப்பு. வீணின் இழப்பைவிடக் குறைத்து வைத்தால் ஒரே பறப்பு. கணக்கு நேர்மையாக நடக்கிறது; ஆனால் அதன் முடிவு, கணக்குத் தொடங்குமுன்பே ஒருவர் மனத்தில் முடிந்துவிட்டது. படைத்துறையினர் செய்திகளுக்குச் சாதாரணம் முதல் மிக அவசரம் வரை முன்னுரிமைக் குறிகள் வகுத்து இவ்விலையை ஒருவாறு சொல்ல முயல்கின்றனர். ஆனால் ஒவ்வொருவரும் தம் செய்தியே மிக அவசரம் என்று குறித்துவிட்டால் அக்குறி பயனற்றுப்போகிறது. நம் அலுவலகங்களில் ‘அவசரம்’ என்ற முத்திரை பெறாத கோப்பு எது?

இரண்டாவது மறுப்பே பெரியது. ‘டிமாண்ட்’ என்ற ஒரே சொல்லால் அக்கட்டுரை கூறுவதைத் தமிழ் மூன்றாகப் பிரித்துக் காட்டும். ஒருவனுக்கு உள்ளபடியே வேண்டியிருப்பது தேவை. அதனை அவன் வாய்திறந்து கேட்பது வேண்டுகோள். கேட்டது ஏட்டில் ஏறுவது பதிவு. நாம் மூன்றையும் ‘தேவை’ என்றே மொழிபெயர்த்துவிடுகிறோம். வாய்ப்பு அட்டவணையோ பதிவிலிருந்து பிறக்கிறது. வானொலி பழுதான அணியின் தேவை பெரிது, அதன் வேண்டுகோள் காற்றில் கரைந்தது, பதிவோ சுழி. அடுத்த ஆண்டுத் திட்டத்தில் அவ்விடத்துக்குத் ‘தேவை இல்லை’ என்றே எழுதப்படும். பயணச்சீட்டு வாங்க வந்து இடமின்றித் திரும்பியவரை நிலையத்தார் எண்ணி வைக்காவிட்டால் அங்கும் இதுவே நிகழும்.

குரல் வானூர்தியின் பயனை மதிப்பிட்டதிலும் இக்குறை இருந்தது. சரணடைந்தவர்களை வினவி, அவர்கள் அக்குரலைக் கேட்டார்களா, அது அவர்கள் மனத்தை மாற்றியதா என்று அறிந்தனர். அது தக்க சான்றுதான். ஆனால் கேட்டும் வராதவன் விடையளிக்க வரவில்லை. கேளாமலே காட்டில் மடிந்தவனும் வரவில்லை. மேலும், தன்னை ஏற்றுக்கொண்டவர்கள் கேட்கும்போது ‘உங்கள் குரலே என்னை மாற்றியது’ என்று சொல்வது மனித இயல்பு. மூன்று மொழிகளில் அறிக்கை அச்சிட்டபோது ஒவ்வொரு மொழிக்கும் எவ்வளவு என்பதையும் இத்தகைய பதிவுகளைக் கொண்டே முடிவு செய்தால், சிறுதொகையினரின் மொழி மேலும் சிறுத்துக்கொண்டே போகும். இதைத் தமிழாசிரியர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. நூலகத்தில் தமிழ்நூல் கேட்போர் குறைவு என்று வாங்காமல் விடுவதும், வாங்காமையால் கேட்போர் மேலும் குறைவதும் அவர்கள் அறிந்ததே.

இது பழங்கதையன்று. 2021 டிசம்பர் 17, 18 ஆம் நாட்களில் பெய்த பெருமழையில் கிள்ளான் பள்ளத்தாக்கு மூழ்கியது. ஷா ஆலமில் உள்ள தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் மாடியிலும் கூரையிலும் ஏறி நின்றனர். தன்னார்வத் தொண்டர்கள் படகு கொண்டு வந்தனர். உதவி தாழ்ந்து வந்தது என்ற குறை எங்கும் எழுந்தது. நடவடிக்கைகளில் குறைபாடு இருந்ததை அரசும் ஒப்புக்கொண்டது. பல இடங்களில் மின்சாரம் அற்றது; கைப்பேசித் தொடர்பும் அற்றது. இப்போது ஏர்லாங்கின் கணக்கை எடுத்துப் பாருங்கள். மறுக்கப்பட்ட அழைப்பு போய்விடுகிறது என்பது அவர் கருதுகோள். வெள்ளத்தில் நிற்பவர் போய்விடுவாரா? மீண்டும் மீண்டும் அழைப்பார். அதனால் வழிகள் மேலும் அடைபடும். பதிவு உண்மையைவிடப் பன்மடங்காகத் தோன்றும். அதே நேரத்தில், கைப்பேசியில் மின்னாற்றல் தீர்ந்தவர் வாழும் தெரு முற்றிலும் அமைதியாக இருக்கும். ஏட்டைப் பார்த்து உதவி அனுப்புபவர் கூச்சல் மிகுந்த தெருவுக்கே அனுப்புவார். ஆழமாக மூழ்கிய தெரு எது?

வானூர்திவழித் தொடர்பு இத்தகைய வேளையில் பேருதவி செய்யக்கூடும். 2017 இல் மரியா புயல் புவேர்ட்டோ ரிக்கோத் தீவின் கோபுரங்களைச் சாய்த்தபின், கூகுள் நிறுவனத்தாரின் லூன் பலூன்கள் உயர வானில் நின்று கைப்பேசித் தொடர்பு கொடுத்தன. அப்பலூன் திட்டம் பொருளாதார வகையில் நிலைக்காமல் 2021 ஜனவரியில் கைவிடப்பட்டது. இதிலும் நம் பழைய கணக்கையே காண்கிறோம்: எந்நாளும் வேண்டாத ஒன்றை, என்றோ ஒருநாள் மிகுதியாக வேண்டும் என்பதற்காக வைத்துக்கொள்ளும் செலவை யார் ஏற்பது? படைத்துறை தன் கருவூலத்திலிருந்து ஏற்றுக்கொள்கிறது. வணிகர் ஏற்கமாட்டார். அரசு ஏற்க வேண்டுமாயின், மறுப்பின் விலையை அது வாய்திறந்து கூற வேண்டும்.

இவ்வளவு கூறியதால் பெர்கூசன்–டான்சிக் கட்டுரை சிறந்ததன்று என்று எவரும் கொள்ளற்க. சராசரியைத் தொழுதுகொண்டிருந்த திட்டக்காரரை அதிலிருந்து விடுவித்தது அது. எளிய எடுத்துக்காட்டை எடுத்து, மறைவின்றிக் கணக்கிட்டு, எதைக் கொண்டோம் எதை விட்டோம் என்று பிறர் ஆராயும்படி வைத்தது. நாம் மேலே எழுப்பிய இரண்டு மறுப்புகளையும் எழுப்ப முடிந்ததே அந்த வெளிப்படையால்தான். குறை, பின்வந்தோர் அதனைக் கருவியாகக் கொண்டு ‘டிமாண்ட்’ எங்கிருந்து வந்தது என்று கேளாமல் விட்டதில் இருக்கிறது.

கலைச்சொல் ஆக்குவோர் ‘தேவை’, ‘வேண்டுகோள்’, ‘பதிவு’ என்னும் மூன்றையும் தனித்தனியே ஆள்வார்களாயின் தமிழில் இக்கலையைக் கற்பவனுக்கு ஆங்கிலத்தில் கற்பவனைவிட ஒரு நன்மை உண்டாகும். ஒன்றும் ஐந்தும் கொண்ட அக்கற்பனைக் கணக்கைத் தமிழ்ப்பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவனும் போட்டுவிடலாம். கூட்டலும் பெருக்கலும் வகுத்தலும் தவிர அதில் வேறொன்றுமில்லை. முதலில் மறுப்பின் இழப்பு 3 என்று கொடுத்துப் போடச் செய்து, பிறகு அந்த எண்ணை அழித்துவிட்டு, வெள்ளத்தில் நின்ற தெருவுக்கு என்ன எண் இடுவது என்று மாணவர்களையே கேட்கலாம்.